மணிக்கட்டு

தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்
ஸ்கெரியின் முன்னங்காலை எடுத்து
மடியில் வைத்துக்கொள்கிறேன்.
மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உட்புறம்,
ஒரு முண்டு.
மே மாதம் அது வால்நட் அளவு இருந்தது.
இப்போது, அக்டோபர் கடைசியில்,
கட்டைவிரலை அழுத்தித் தேடினால்தான்
அகப்படுகிறது.

வயது பதினொரு மாதம்.
தாய் கிரேஹவுண்ட், தகப்பன் பெட்லிங்டன்,
காதுகள் யார் கொடுத்தவை என்று தெரியவில்லை.
அடுப்படியில் வெண்ணெய் திருடும்போது
முழு வளர்ச்சி அடைந்த நாய்.
படி இறங்கும்போது
நான்கு கால்களும் நான்கு வீட்டிலிருந்து
இரவல் வாங்கியவை.

ஹெப்பிள் தன் நாயை எட்டாம் மாதமே
வயலில் இறக்கினான்.
ஓடுகிற கால் ஓடட்டும் என்றான்.
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவன்.
டிசம்பரில் மூன்று காலில் நின்றது
முயல் அல்ல.

கால் ஆறியது. ஆறாதது வேறொன்று:
எட்டாத முயல்களைத் துரத்தித் துரத்தி
அந்த எட்டாமையே
அதன் தொண்டையில் சத்தமாகிவிட்டது.
ஓடும்போதே குரைக்கிற லர்ச்சர்!
ஆலன்டேல் முயல்கள் எல்லாம்
இப்போது நிம்மதியாகக்
குடும்பம் நடத்துகின்றன.

திருமதி ஆர்க்கிள் வாரம் ஒருமுறை கூப்பிடுகிறார்.
மேல் வயலில் விதைத்த புல்
மொட்டைத் தலையாகிறதாம்.
அடுத்த மாதம் என்கிறேன்.
ஆகஸ்டிலும் அதையே சொன்னேன்.

குளிர்காலத்தில் நான் சாலைக்கு உப்புத் தூவும்
லாரி ஓட்டுகிறவள்.
உறைபனி இரவென்றால் எனக்கு வேலை,
தரையும் கல்லாகி நாயின் விரலை ஒடிக்கும்.
ஆக அந்த இரவுகள்
எங்கள் இருவருக்குமே இல்லை.
நல்ல சாக்கு.

ஃபென் என்று ஒருத்தி இருந்தாள், இவளுக்கு முன்.
பதினான்கு மாதம். முண்டு முழுதாக மறைந்திருந்தது.
செம்மறிகளுக்கு நடுவே வாலைத் தாழ்த்தி நடப்பாள்,
கூப்பிட்டால் பாதி ஓட்டத்தில் திரும்புவாள்.
தயார் என்றேன். தயாராகத்தான் இருந்தாள்.
பழைய முள்கம்பி ஒன்று
புல்லுக்குள் விழுந்து கிடந்தது,
எனக்குத் தெரிந்த வயலில்,
பகலில் நான் நடந்து பார்க்காத மூலையில்.

நேற்று ஸ்கெரியோடு சும்மா போனேன்.
விளக்கை எடுத்துக்கொண்டு எப்படிச் சும்மா போவது,
அதை நீங்கள் கேட்கலாம்.
மேற்குக் காற்று. நிலா இல்லை.
ஒளியைச் சுழற்றினேன்.
பச்சைப் பச்சையாக ஆட்டுக் கண்கள்,
அப்புறம் தாழ்வாக, தனியாக,
ஒரு சிவப்புப் பொட்டு.
நாற்பதடி. வளைக்கு வெகு தூரம்.
கற்றுக்குட்டிக்கென்றே
யாரோ எடுத்து வைத்த மாதிரி.

நழுவு கயிற்றில் அவள் நடுங்கினாள்.
கயிறு வழியே நடுக்கம் ஏறி
என் முழங்கைக்கு வந்தது.
முனகவில்லை, இழுக்கவில்லை,
மூச்சு மட்டும் நின்றிருந்தது.

விளக்கை அணைத்தேன்.

இருட்டில் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்,
அவள் வாய் திறப்பாளா என்று.
காற்று மட்டும்.
அப்போதுதான் தெரிந்தது,
சத்தம் போடாமல் முனகிக்கொண்டிருந்தது நான்.

மறுபடி ஏற்றியபோது முயல் இல்லை.
அது இருந்த இடத்தையே
அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்,
கடன் கொடுத்தவள் வாசலைப் பார்ப்பதுபோல.

இன்று காலை மேல் வயலின் நான்கு ஓரத்தையும்
நடந்து பார்த்தேன், ஹெப்பிளின் இடுக்கியோடு.
இரண்டு கம்பித் துண்டு, ஒரு வாளிக் காது,
கலப்பையில் உடைந்த ஓர் இரும்புப் பல்.
எல்லாம் இப்போது என் லாரியில் கிடக்கின்றன.

மாலை போன் மணி அடித்தது.
இடது மணிக்கட்டில் முண்டு இல்லை.
வலதில் இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம்,
அல்லது என் விரலுக்குத்தான் பழக்கம் விடவில்லை.
வியாழன், என்றேன்,
காற்று இருந்தால்.

வெண்ணெய்த் தாள் ஒன்று
நாற்காலிக்கு அடியில்
மெல்லச் சரசரத்தது.