மூன்றாம் தரம்

அட்டையில் எழுதியிருந்தது: அபோனியா.
பெண்பிள்ளைக்கு வைக்கிற பேர் என்றுதான் முதலில் நினைத்தேன்,
ஞானஸ்நானத் தொட்டியடியில்
பாதர் இரண்டு முறை கேட்டு எழுதுகிற மாதிரி.

திருகோணமலை ஆஸ்பத்திரி, பதினோராம் அறை.
கழுத்தில் நாலு தையல்.
முப்பத்தொரு வருடம் விடியப்புறத்தில்
பாரையும் சூடையும் அறக்குளாவும்
கூறிக் கூறி விற்ற தொண்டை
இப்போது கதவிடுக்கில் நுழைகிற காற்று.
ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுத்து
மூன்றாவதில் பெட்டியைத் தட்டினால்
மீன் இன்னொருவனுடையது.
அந்த இழுவைக்குத்தான் எனக்குச் சந்தையில் பேர்.

"அது கிரேக்கச் சொல்" என்றாள் ஸில்மியா.
குரல் பயிற்சி தருகிறவள், கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.
"போனே எண்டா குரல்.
முன்னுக்கு ஒரு அ போட்டா, குரல் இல்லை."
கிசுகிசுக்கவும் கூடாது என்பது கட்டளை.
கொப்பியில் எழுதிக் காட்டினேன்:
நீதி, அநீதி.
"ஓம், அப்பிடித்தான்" என்றாள்.

அன்றிலிருந்து பிடித்தது இந்த வியாதி.
செவுளைத் தூக்கி மீன் பார்ப்பதுபோல
ஒவ்வொரு சொல்லையும் தூக்கிப் பார்க்கிறேன்,
உள்ளே சிவப்பா, நாள்பட்டதா என்று.

மைக்ரோபோன்: சின்னக் குரலாம்.
தேர் நாளில் கடற்கரை வீதியையே அதிரவைக்கிற சாமானுக்கு
இத்தனை அடக்கமான பேர்.
நாங்கள் அதை ஒலிவாங்கி என்கிறோம்.
வாங்கியா?
முப்பத்தொரு வருடம் எதிரே நின்று கத்தினேன்,
ஒரு சதம் தந்ததில்லை.

சிம்பொனி: கூடின குரல்.
அடுத்து ஸில்மியா ககோபொனி என்றாள்.
ஏலக் கொட்டகைத் தகரத்தில் குந்தியிருக்கிற
அத்தனையும் எனக்குள் எழும்பிப் பறந்தன.
காக்கா? என்று எழுதினேன்.
"இல்லை, ககோஸ் எண்டா கெட்டது.
எங்கட வீட்டில காக்கா எண்டா மூத்த அண்ணன்.
அவரிட்ட இதைச் சொல்லிப்போடாதீங்க."
யாரிடம் சொல்கிறாள் என்பது
சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.
இருவரும் சிரித்தோம்.
அவள் சத்தமாக, நான் தையல் வலிக்க.

ஹைட்ரோபோன்: தண்ணீரில் குரல்.
கோணேசர் மலைக்கு வெளியே,
கடல் சட்டென்று பாதாளமாகிற இடத்தில்
கயிற்றில் கட்டி இறக்குவார்களாம்.
திமிங்கிலம் பேசுவது கேட்குமாம்.
என் தகப்பன் அந்த ஆழத்துக்கு மேலே வலை விட்டவர்.
கீழே சுடுகாட்டு அமைதி என்பார்.
இருந்திருக்கிறது, ஐயா.
வாங்கத்தான் ஆளில்லை.

டெலிபோனை நான் கடைசிக்கு வைத்திருந்தேன்.
டெலி, தூரம். அவர்களுக்கு அவ்வளவுதான்.
எங்கள் தொலைபேசியில் தொலை என்பது
தூரமும்தான், காணாமற்போனதும்தான்.
ஒரு சொல்லில் இரண்டு சுமை ஏற்றி
துறைமுகத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

வெள்ளி இரவு எட்டரைக்கு
தோஹாவிலிருந்து அனிற்றா எடுப்பாள்.
போன வெள்ளியும் எடுத்தாள்.
"அப்பா, லைன்ல நிக்கிறீங்களா?"
உள்துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.
மதிலுக்கு அப்பால் மான் ஒன்று
யாரோ எறிந்த வாழைத்தோலை மென்றது.
என்னிடம் இருந்தது நகம் மட்டும்.

போனின் முதுகில் தட்டினேன்.
ஒரு தரம்.
அந்தப் பக்கம் மூச்சு நின்றது.
சின்ன வயதில் பெட்டிகளின் மேல் இருந்து
எண்ணிப் பழகியவள்.

ரெண்டு தரம்.
"விளங்குது" என்றாள், பிறகு அழுதாள்,
பிறகு அங்கே என்ன சமைத்தாள் என்று சொன்னாள்,
தேங்காய்ப்பால் பவுடர் திரைந்துபோனதைச் சொன்னாள்,
மேற்பார்வைக்காரியின் செருப்பைப் பற்றிச் சொன்னாள்.

விரல் அப்படியே தூக்கியபடி இருந்தது.
மூன்றாவதைத் தட்டினால் விலை படிந்துவிடும்.
தட்டவில்லை.