அரை மாத்திரை

சண்டை இல்லை, சுவிட்சர்லாந்து இல்லை.
வில்லன் என்று பார்த்தால்
சில்க் போர்டு சிக்னல் ஒன்றுதான்.

அவன் எடை மெஷின் ரிப்பேர்காரன்.
அவள், தொலைந்த பார்சல்களுக்காக
நாள் முழுக்க போனில் மன்னிப்புக் கேட்பவள்.
இரண்டு பஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக்கொள்ள
ஜன்னலுக்கு ஜன்னல் பதினோரு நிமிடம்.
பாதி கொய்யா கைமாறுகிறது.
உப்பு பத்தவில்லை என்கிறாள்.
டூயட் அவ்வளவுதான்.

கன்னடப் படம். தமிழ் சப்டைட்டில் என்னுடையது.
டைரக்டர் சுஹாஸ் பாதிப் பணம் தந்தான்,
மீதிக்கு
அவன் அம்மா சுட்ட கோடுபளெ ஒரு டப்பா.
டப்பாவைத் திருப்பிக் கேட்கிறான்.

படம் முழுக்கவும் எனக்குத் தண்ணி காட்டியது ஒரே இடம்.
மழை. பச்சை விழப்போகிறது.
'நாளைக்கும் இதே பஸ்ஸா?' என்கிறான்.
அவள் 'ஹ்ம்' என்கிறாள், சளி பிடித்த மூக்கால்.
'ஆமாம்' என்று அடித்தேன், அழித்தேன்.
'பார்க்கலாம்' என்று அடித்தேன்.
பார்க்கலாம் என்று சொல்கிற பெண்ணா அவள்?
அல்சூரில் மூன்றாம் மாடியில்
குக்கர் நாலாவது விசில் அடித்தபோது
'ம்' என்று வைத்து மூடினேன்.
எழுத்துக் கணக்கில் கூலி பேசாதது நல்லதாயிற்று.
தொல்லிலக்கணப்படி அதற்கு
அரை மாத்திரைதான்.

காமராஜ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஹால்,
ஞாயிறு காலைக் காட்சி, பதினேழு பேர்.
திரையின் மேல்விளிம்பில்
ஒலிப்பதிவு மைக் எட்டிப் பார்த்தது.
வெட்டச் சொன்னபோது சுஹாஸ் மறுத்திருந்தான்:
பாவம், அதுவும் கேட்டுட்டுப் போகட்டுமே.
யாரும் சிரிக்கவில்லை.
'ம்' வந்தபோதுதான்
கடைசி வரிசையில் ஒருத்தர் பக்கென்று சிரித்தார்,
பிறகு ஒவ்வொருவராக,
விக்கல் தொற்றுவதுபோல.

வாசலில்
புதுக் கண்ணாடி போட்ட ஒரு புருஷனும்
ஹெல்மெட் கையிலிருந்த அவர் மனைவியும்
அது ஆமாமா இல்லையா என்று
பார்க்கிங் வரை சண்டை.
'உனக்கு எப்பவும் ஆமாம்னுதான் கேக்கும்' என்றாள்.
டோக்கன் கிழிக்கும் முனிராஜு, படமே பார்க்காதவர்,
'இல்லைம்மா, அந்தப் பொண்ணு வராது' என்றார்.
அந்த வார்த்தையை எழுதியவள் நான்.
என்னை யாரும் கேட்கவில்லை,
கேட்டிருந்தாலும் தெரியாது.

வீட்டுக்கு வரும்போது டிரினிட்டி சர்க்கிளில் ஆட்டோ நின்றது.
பக்கத்து பஸ் ஜன்னலில்
ஒரு பையன் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தான்.
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
அவன் பொட்டலத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.

ராத்திரி சுஹாஸுக்கு அனுப்பினேன்:
மீதிப் பணம் இந்த மாசமா?
வெகுநேரம் டைப்பிங், டைப்பிங் என்று காட்டி
கடைசியில் வந்தது:
ஹ்ம்.

டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன்.
இப்போதைக்குத் தருவதாக இல்லை.