இரண்டு புள்ளி பதினேழு

வால்டிவியாவிலிருந்து எவுலோஹியோ எழுதியிருந்தார்:
உங்கள் மென்பொருள் திறக்கவில்லை.
கூடவே ஒரு கறுப்புத் திரையின் படம்,
கைப்பேசியில் எடுத்தது,
ஓரத்தில் அவருடைய கட்டைவிரல்.
‘ஜி-லிப்-சி 2.34 கிடைக்கவில்லை’ என்று
ஒரே வரியில் கையை விரித்திருந்தது கணினி.

நான் மாரிபோரில்,
திராவா ஆறு தெரியும் நான்காம் மாடியில்,
புதுக் கணினியின் திமிரில் பதில் போட்டேன்:
இயங்குதளத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் கழித்து வந்தது:

அம்மணி, இந்தக் கணினியோடு ஒரு நகரும் மேசை கட்டியிருக்கிறது.
மரத்துண்டை அதில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்து,
வளையம் வளையமாக அளக்கிறோம்.
மேசை செய்த கம்பெனி இழுத்து மூடியாயிற்று.
அதன் இயக்கிக்கு இந்தப் பழைய கெர்னலைத் தவிர
வேறு பாஷை தெரியாது.
இப்போது மேசையில் கிடப்பது ஓர் அலெர்சே.
எண்ணியவரை ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
நடுவை இன்னும் தொடவில்லை.

“ஒரே ஒருவருக்காகவா?” என்றான் ஒஷ்பால்ட்,
காப்பிக் கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டு.
பதில் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.
கட்டைவிரல்தான் தோன்றியது.

முதலில், இருப்பதையெல்லாம் மூட்டை கட்டினேன்.
நூலகம், நூலகத்தின் நூலகம்,
அது கேட்கும் இன்னொன்று,
பயத்தில் ஜி-லிப்-சியையும்.
எழுநூறு மெகாபைட்.
கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு என்பார்கள்.
இது முதல் கவளத்திலேயே விக்கியது.
ஒரு நொடி சாளரம் மாதிரி ஏதோ மின்னி
செத்துப்போனது.

போகிற வீட்டுக்கு அடுப்பையுமா தூக்கிக்கொண்டு போவார்கள்?
அடிப்படை அவர்களுடையது.
திரையோடு பேசும் இயக்கி அவர்களுடையது.
அவற்றை விட்டுவிட்டேன்.
மிச்சத்துக்கு ஒரு வழிக்குறிப்பு எழுதினேன்:
ஊர்ப்பெயர் இல்லை, தெருப்பெயர் இல்லை,
‘நான் நிற்கும் இடத்திலிருந்து தேடு’, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே பனிமழை,
பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு லினக்ஸை
கொள்கலன் ஒன்றுக்குள் எழுப்பி உட்காரவைத்தேன்.
இரண்டு புள்ளி பதினேழு.
அதன் தொகுப்பிக்கு என் நிரலில் பாதி புரியவில்லை.
‘இது என்ன, இது என்ன’ என்று நாநூறு பிழைகள்.
நானும் என் அழகான வாக்கியங்களை
ஒவ்வொன்றாக எளிமையாக்கினேன்.
சில, சொன்னால் வெட்கம், முன்னைவிட நன்றாக இருந்தன.

பழையதில் கட்டியது புதியதிலும் ஓடும்.
புதியதில் கட்டியது பழையதில் ஓடாது.
இதில் தத்துவம் எதுவும் இல்லை.
இரண்டு புள்ளி முப்பத்தொன்பதை அறுத்துப் பார்த்தால்
உள்ளே பதினேழு அப்படியே இருக்கிறது,
அதற்கும் உள்ளே பதினான்கு,
யாரோ இன்னும் கூப்பிடலாம் என்று
பழைய பெயர்களையெல்லாம் வைத்துக்கொண்டு.
பதினேழை அறுத்தால்
முப்பத்தொன்பது எப்படி இருக்கும்?
இதையெல்லாம் எவுலோஹியோவிடம் சொல்ல நினைத்தேன்.
அவருக்குத் தெரியாததா.

அறுபத்திரண்டு மெகாபைட்.
அனுப்பிவிட்டு இரவெல்லாம் அஞ்சல்பெட்டியைத் திறந்து திறந்து மூடினேன்.
அங்கே அப்போது பிற்பகல்.

மறுபடியும் ஒரு படம், மறுபடியும் கட்டைவிரல்.
சாளரம் திறந்திருந்தது.
வளையங்களின் கோடு
ஒரு வறண்ட பதினைந்து ஆண்டுக்குத் தாழ்ந்து
பிறகு ஏறிக்கொண்டிருந்தது.

கீழே எழுதியிருந்தார்:
ஓடுகிறது, நன்றி.
ஒரு சின்ன விஷயம்.
‘ஆண்டு’ என்று இருக்கவேண்டிய பொத்தானில்
எழுத்தின் தலைமேல் உள்ள அலையைக் காணோம்.
அலை இல்லாவிட்டால் எங்கள் மொழியில் அந்தச் சொல்
உட்காரும் இடத்திலுள்ள ஓர் உறுப்பு.
பொத்தானை அழுத்தச் சொன்னால்
மாணவர்கள் சிரித்து உருள்கிறார்கள்.
அவசரம் இல்லை.

அலையைத் தேடினேன்.
மூட்டையை இளைக்கவைத்த வேகத்தில்
நானே தூக்கி எறிந்த எழுத்துருவில் இருந்தது.
எடுத்து உள்ளே வைத்து
மறுபடி கட்டினேன்.
பதினெட்டு நிமிடம் ஆயிற்று.
ஒஷ்பால்டின் கோப்பையையும் கழுவி வைத்தேன்.