கமெராவில் வெள்ளையாகத் தெரிவது

சுவிஸில் நடுச்சாமம் தாண்டி ஒன்றரை மணி.
டச்பாரில் காலை ஆறு.
"கனகேஸக்கா, புல்லுக்குள்ள வெள்ளையா என்ன கிடக்கு?"
நித்திரை வராத புவிதரன்
கேற் தூணில் பூட்டிய கமெராவால்
தன் புல்தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

யாரும் குடியிராத வீடு.
புல்லுக்குத்தான் எனக்குச் சம்பளம்.
சதுர அடிக் கணக்கில் விலை பேசி
பாய்போலச் சுருட்டி லொறியில் வந்த புல்.
மூன்று நாள் அடைமழை குடித்து
கால் வைத்தால் சளக் என்கிறது.
"காளான்" என்றேன்.
"பிடுங்குங்க. மருந்து அடிங்க.
ஆயிரத்தைநூறு போட்டு உடுறன்."

குடையைச் சாய்த்துவிட்டுக் குனிந்தேன்.
விரல்நீளக் காம்பு. நரைத்த தொப்பி,
ஓரமெல்லாம் கிழிசல்.
ஒன்றைப் பிடுங்கினேன்.
அடுத்ததற்குப் போன கை அந்தரத்தில் நின்றது.

காளான் கண்டபடிதானே முளைக்கும்.
இவை நூல் பிடித்த மாதிரி நின்றன.
நேராய்ப் போன வரிசை மூலையில் திரும்பி
இன்னும் இரண்டு மூலை தாண்டி
புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.
நடுவில் குறுக்காக ஒரு வரிசை.

முழம் போட்டேன்.
அகலம் இரண்டு. நீளம் நாலரை.
நெஞ்சு ஒருக்கால் இடித்தது.
இந்த ஊரில் அந்த அளவில் ஒரு நீள்சதுரம் கண்டால்
முதலில் வருகிற நினைப்பு வேறு.

மதிலுக்கு மேலால் செலஸ்டினாவின் தலை.
"என்னகா, புல்லுக்கா முழம் போடுறாய்?
கறி வைக்கிற எண்ணமெண்டா விடு, அது நஞ்சு."
"இஞ்ச வந்து பார்."
மரக்காலையில் பதினேழு வருஷம்
கணக்கெழுதினவள்.
சாரிக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
சுற்றி ஒருதரம் நடந்தாள்.
நெடுக்குப் பக்கமொன்றில் மூன்று இடம் வெறுமை,
கையகலம் கையகலமாக.
எதிர்ப்பக்கம் நடுவில் ஒன்று.

"பிணைச்சல் மூண்டு. பூட்டு ஒண்டு.
இரும்பைக் காளான் தின்னாதுகா."
பிறகு, மெதுவாக:
"முதிரையாத்தான் இருக்கும்.
இல்லாட்டி இவ்வளவு காலம் தாங்காது."

கடல் வந்துபோன பிறகு இந்தக் காணி வெறும் மணல்.
புவிதரன் வாங்கியது அதற்கும் பத்து வருஷம் கழித்து.
கிறவல் கொட்டி மட்டம் பண்ணினார்கள்;
அடியில் என்ன கிடக்கிறதென்று எவன் பார்த்தான்?
இங்கிருந்த வீட்டின் கதவென்றும் சொல்ல முடியாது.
நாவலடிச் சாமானைத் திருச்செந்தூரிலும்
திருச்செந்தூர்ச் சாமானை வாவிக்குள்ளும்
போட்டுவிட்டுப் போன தண்ணி அது.
எங்கள் அலுமாரியை முகத்துவாரத்தில் கண்டதாக
ஒருவர் வந்து சொன்னார்.
நாங்கள் போய்ப் பார்க்கவில்லை.

போன் திரும்ப அடித்தது.
"ரெண்டு பேரும் என்ன செய்யிறீங்க?"
"மருந்து அடிக்கிறம் தம்பி" என்று கத்தினாள் செலஸ்டினா,
கமெராவைப் பார்த்து
வெறும் கையை விசிறிக்கொண்டே.

மூன்றாம் நாள் அவை தாமாகக் கறுத்தன.
மையாய்க் கரைந்து புல்லில் வடிந்தன.
"சுப்பர் அக்கா, க்ளீன்" என்று
பெருவிரல் ஒன்று வந்தது.
ஆயிரத்தைநூறுக்கும் நாங்கள்
கணவாய் வாங்கிக் கறி வைத்தோம்.

இப்போது புல், புல்லாகத்தான் இருக்கிறது.
மெஷினை அதன் மேலால் தள்ளும்போது
பூட்டு எந்த இடமென்று என் காலுக்குத் தெரியும்.
தெரியாதது ஒன்றுதான்.
அது வந்து விழுந்தபோது
எந்த முகம் மேலே கிடந்தது?
வீட்டுக்காரர் கொண்டி போட்ட பக்கமா,
வந்தவர் தட்டிய பக்கமா?

நான் புல் வெட்டிக்கொண்டு நிற்கிறது
உள்ளேயா,
வெளியேயா?