மூன்று முறை மணி அடித்தவர்

இருட்டறை மர்சூக் என்றால்தான் ஆஸ்பத்திரியில் தெரியும்.
சிவப்பு பல்பின் கீழ் பதினோரு வருஷம்.
முறிந்த எலும்பு, சயம், காசை விழுங்கிய பிள்ளைகள்,
எல்லாருடைய உள்ளும் முதலில் என் தட்டத்தில்தான்
மிதந்து வந்தது.

மண்டை மட்டும் வராது.
ஓடு வரும், கல்மதில் மாதிரி.
மதிலுக்குள்ளே யார் குடியிருக்கிறார் என்று
எந்தக் கதிரும் எனக்குச் சொன்னதில்லை.
கட்டி என்று ஒன்று இருந்தால்
சவச்சாலை மேசையில்தான் கண்டுபிடிப்பார்கள்,
வாள் போட்டு,
இனி யாருக்கும் உதவாத நேரத்தில்.

வஸ்தியாம்பிள்ளை வந்தது முப்பத்தாறில், வெசாக் கழிந்து.
துறைமுகத்தில் பொதி எண்ணுகிற கிளாக்கர்,
கொட்டாஞ்சேனை ஆள்.
கறுவாக் கட்டு எரிகிற மணம் வந்ததாம்,
ஓடிப்போய் நெருப்பு மணியை அடித்திருக்கிறார்.
கூலிகள் வாளியோடு வர, ஒரு புகையும் இல்லை.
அடுத்த மாதமும்.
அதற்கடுத்த மாதம் ஒரு கப்பலையே நிறுத்தி.
"சாராயம்" என்று எழுதி வேலையால் நிறுத்தினார்கள்.
அவர் குடித்ததெல்லாம் இஞ்சி போட்ட பிளேன் டீ.

எங்கள் துண்டிலும் முதலில் நரம்புத் தளர்ச்சி என்றுதான் இருந்தது.
கண் டொக்டர் ஜான்ஸ் ஒருவர்தான்
சின்ன விளக்கைக் கண்மணிக்குள் விட்டு
நெடுநேரம் மூச்சு விடாமல் பார்த்தார்.
தட்டையாய் இருக்க வேண்டிய இடம்
அப்பத்தின் நடு மாதிரி உப்பியிருக்கிறது என்றார்.
"உள்ளே இடம் போதவில்லை."

எந்தப் பக்கம்? அது கண் சொல்லாது.
அப்போதுதான் அந்தக் காற்று யோசனை.
சீமையில் செய்கிறார்களாம்,
எங்கள் வார்டில் ஒருவரும் செய்ததில்லை.
பின்மண்டையில் இரண்டு துளை,
தச்சன் துறப்பணம் போடுகிற அதே சத்தம்.
ஆள் விழித்திருந்தார்.
உள்ளே இருந்த நீரை ஊசியால் இழுத்து,
இழுத்த அளவுக்குக் காற்றை ஏற்றினார்கள்.
நான் மூச்சு விடுகிற கொழும்புக் காற்றுத்தான்,
மருதானை ரயில் கரியும்
பேரை வாவிச் சேறும் மணக்கிற காற்று.
தலையைப் பிடித்தவன் நான்.
ஓங்காளத்துக்கு நடுவில் கேட்டார்:
"தம்பி, எரியிற மணம் வரேல்லையா?"
இல்லை ஐயா என்றேன். மறுபடியும் கேட்டார்.
இல்லை ஐயா.

இருட்டறையில் தட்டத்தை மெல்ல ஆட்டினேன்.
முதலில் ஓடு.
பிறகு அதற்குள் கறுப்பாக ஒரு சிறகு.
இரண்டு இருக்கும், வண்ணத்துப்பூச்சி மாதிரி என்று
டொக்டர் காகிதத்தில் கீறிக் காட்டியிருந்தார்.
மற்றது நசுங்கி, இடப்பக்கம் ஒதுங்கி,
பஸ்ஸில் பருத்த ஆளுக்குப் பக்கத்தில் அகப்பட்டவர் போல.
கட்டியைக் காணவில்லை.
அது தள்ளியதைத்தான் கண்டேன்.

டொக்டருக்கு முன்னம், செசிலியாவுக்கு முன்னம்,
அவருக்கே முன்னம்
நான் அதை ஈரம் சொட்டச் சொட்டப் பிடித்திருந்தேன்.
முதலில் வந்தது சந்தோஷம்.
அல்லாஹ் மன்னிக்கட்டும்,
இதை இன்னும் எவரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை வலப்பக்கம் திறந்தார்கள்.
வியாழன் அசருக்கு முன் மௌத்து.

நாற்பது நாள் போய் செசிலியா வாசலில் நின்றார்.
கொச்சிக்கடையில் கொளுத்திய மெழுகுதிரி விரலில் இன்னும் ஒட்டியிருந்தது.
"அந்தப் படத்தைத் தருவீங்களா?
போர்ட் கந்தோருக்குக் காட்டவேணும்."
தரக்கூடாது.
தினசரிக் கடுதாசியில் சுற்றிக் கொடுத்துவிட்டு
அரைநாள் லீவு போட்டு நானும் போனேன்.

துரை ஜன்னலுக்கு நேரே பிடித்தார், தலைகீழாக.
செசிலியா எட்டித் திருப்பி வைத்தார்.
நசுங்கிய சிறகின் மேல் விரலை வைத்து
"இதுதான் சேர் அந்த நெருப்பு" என்றார்.
வெளியே ஒரு கப்பல் ஊதிக்கொண்டே இருந்தது.
துரை பேனையை எடுத்தார், மூடியைக் கழற்றினார்,
அதற்குள் எங்களை வெளியே அனுப்பினார்கள்.

பென்ஷன் வந்ததா, தெரியாது.
படத்தை அவர் திருப்பித் தரவில்லை, நான் கேட்கவும் இல்லை.
பதிவேட்டில் அந்த இலக்கத்துக்கு எதிரே
"சேதம்" என்று எழுதினேன்.