இடதுகை மட்டும்

அகழியில் படகு ஏறத்தான் வந்தோம்,
சனிக்கிழமை அரைநாள் ஷிப்ட் முடித்து
ஆம்பூரிலிருந்து, நானும் தில்ஷாத்தும்.
படகு அன்றைக்கு ஓடவில்லை.
வெயிலுக்கு ஒதுங்கக் கோட்டை மியூசியத்துக்குள் நுழைந்தோம்.

போர்க்காலப் பெண் விமானிகள் கண்காட்சி.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச்
சிரிக்கிறார்கள் சுவர் முழுக்க.
துப்பாக்கி கிடையாதாம் இவர்களுக்கு.
தொழிற்சாலையில் முடிந்த விமானத்தைப்
படைத்தளத்தில் கொண்டுபோய் விடுகிற வேலை.
ரேடியோ இல்லை.
மேகம் மூடினால் தாழ இறங்கி
தண்டவாளத்தைத் தேடிப் பிடித்துக்கொள்.
கையெழுத்து வாங்கு.
பாராசூட்டைத் தோளில் போட்டுக்கொண்டு
ராத்திரி ரயிலில் நின்றபடி திரும்பு.
"டெலிவரி சலான்" என்றாள் தில்ஷாத்.

நான் அதற்குள் கையுறை முன்னால் நின்றுவிட்டேன்.
கண்ணாடிப் பெட்டியில் பழுப்பு ஆட்டுத்தோல்,
இடதுகை மட்டும்.
ஐரிஸ் கார்வெல், வயது இருபத்திரண்டு.
கீழே பொடி எழுத்தில் இன்னும் ஏதோ.
படிக்கவில்லை. தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வருஷமாகக் கட்டைவிரல் லைனில் இருக்கிறேன்.
விரல்களெல்லாம் மெஷின் தையல்,
அங்குலத்துக்குப் பன்னிரண்டு, பிசிறில்லை.
கட்டைவிரல் அடியில் மட்டும் கருப்பு நூல்,
கைத்தையல்,
ஒன்று நெட்டை ஒன்று குட்டை,
முடிச்சு வெளியே துருத்திக்கொண்டு.
குணாளன் சார் மேஜைக்குப் போனால்
சிவப்பு ஸ்டிக்கர்தான்.

இவளேதான் தைத்திருக்கிறாள்.
தையல் தெரியாதவள். விடிந்தால் விமானம்.
பழுப்பு நூல் கேட்டிருப்பாள்,
இல்லை என்றிருப்பார்கள்.

"கண்ணாடி மேல சாயாதம்மா"
என்று காவலர் சொல்லும்போதே கரண்ட் போனது.
எல்லோரும் வாசல் வெளிச்சத்துக்கு நகர
தில்ஷாத் செல்போன் டார்ச்சைப் பிடித்தாள்,
நான் கேட்காமலே, சரியாக அந்தக் கட்டைவிரல் மேல்.
"ரிஜெக்ட்" என்றாள்.
சிரித்தோம், காவலர் முறைக்கும் வரை.

டார்ச் கொஞ்சம் கீழே இறங்கியது.
ஜனவரி. பனிமூட்டம். விமானம் கிடைக்கவில்லை.
இந்த உறை அவள் அறையில், நாற்காலி மேல் இருந்தது.

அப்படியென்றால் இடதுகை?
புது ஜோடி வாங்கியிருந்தாளா,
தையல் மறுபடி விட்டுப்போய்
வெறுங்கையோடு ஏறினாளா?
அட்டையில் அது இல்லை.

அப்துல்லாபுரம் தாண்டும்போது தில்ஷாத் தூங்கிப்போனாள்.
அங்கே ஒரு ஓடுதளம் உண்டு.
விமானம் வரப்போகிறது என்று
நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து சொல்கிறார்கள்.
ஜன்னலில் தண்டவாளத்தைத் தேடினேன்.
இந்தப் பக்கம் தெரியாது.
பாலாற்றுக்கு அக்கரையில் போகிறது அது,
ஆம்பூர் கிட்டத்தான் கூட வரும்.

திங்கட்கிழமை முதல் ஜோடி.
கட்டைவிரல் அடியில் மூன்று தையல் கூடப் போட்டேன்.
குணாளன் சார் அளவுகோலை எடுத்தார்.
"எதுக்கு இது?
யார் கேட்டா?"