எழுபத்தொன்றாவது மீற்றர்

மகா ஓயாவில் துளை போடுகிறோம், பதினாறாம் நாள்.
வெந்நீர்க் கிணற்றில் முட்டை அவிக்கிற பக்கம் அல்ல,
யானைவேலிக்கு இந்தப் பக்கம்,
சோளக் காட்டின் ஓரம்.

நிஃமத் குழாயைத் தட்டுகிறான்.
சம்மாந்துறைக்காரன்,
ஆட்களைவிட இயந்திரத்தோடு அதிகம் பேசுபவன்.
ஈரக் கல்லுத்தண்டு ஒன்று, என் முன்கை நீளம்,
வழுக்கிப் பெட்டிக்குள் விழுகிறது.

என் வேலை எழுதுவது.
ஆழம். நிறம். மணியின் அளவு. சாய்வு.
பிறகு இரண்டு கட்டங்கள்:
மடிப்பு, முறிவு.
ஒன்றில் மட்டும் சரி போட வேண்டும்.

எழுபது வரை தொல்லை இல்லை.
வெள்ளையும் கறுப்புமாய் வரி வரியாய்
மடிந்து மடிந்து கிடந்தது பாறை.
அடியில், சூட்டில், வருடத்துக்கு ஒரு மயிரிழை என்று தள்ளினால்
கல்லும் தொதல்தான்.
இழுத்த பக்கம் இழுபடும்.
மேலே வந்து ஆறிய பிறகுதான்
அதற்கு முறியத் தெரியும்.

எழுபத்தொன்றில் ஒரு கறுப்புக் கோடு.
இரு பக்கமும் வரிகள் பொருந்தவில்லை.
இங்கே நிலம் ஒருமுறை அறுந்து
ஒரு பாதி மற்றதை விட்டுப் போயிருக்கிறது.
எவ்வளவு தூரம்?
ஐந்து சென்றிமீற்றர் அகலக் கல்லைக் கேட்டால்
அது என்ன சொல்லும்.

முறிவு. பேனையை வைத்தேன்.

"மறுகா ஒருக்காப் பாருங்க மிஸ்."
தண்ணீர் ஊற்றித் தண்டை உருட்டினான் நிஃமத்.

கோடு நேராக இல்லை.
அறுந்த இடமே வளைந்திருந்தது,
நண்டுக் கொடுக்குப்போல,
பக்கத்து வரிகளையும் கூட்டிக்கொண்டு.
கத்தியால் கீறினேன், பதியவில்லை.
அரைபட்ட தூள் மறுபடி வெந்து
கல்லாகியிருந்தது.

அப்படியானால்
முதலில் முறிந்தது.
பின் புதைந்தது.
புதைந்த ஆழத்தில் சூடேறி
முறிவோடு சேர்த்தே மடிந்தது.

பல்கலைக்கழகத்தில் கேள்வியை நேராக்கி எழுதினார்கள்:
வளையும், வளையும், தாங்காத இடத்தில் முறியும்.
முற்றுப்புள்ளி.
நானும் அப்படித்தான் விடை எழுதி
எழுபத்தெட்டுப் புள்ளி எடுத்தேன்.

இரண்டிலும் சரி போட்டால்
கொழும்பில் கணினி ஏற்காது.
ஓரத்தில், சின்ன எழுத்தில், எழுதினேன்:
முறிவு வளைந்துள்ளது.
எட்டிப் பார்த்த நிஃமத்
"முறிஞ்சா சும்மா கிடக்கும் எண்டா நினைச்ச?" என்று
கிறீஸ் டின்னைத் திறந்தான்.

எழுபத்திரண்டில் துளைக்குள் விட்ட தண்ணீர்
திரும்பி வரவில்லை.
பம்பின் சத்தம் மாறியது. நிறுத்தினோம்.
ஒரு குயில். தூரத்தில் ஒரு லான்ட்மாஸ்டர்.
மறுகா வந்தது,
எங்கள் தண்ணீர் அல்ல,
வேறு ஏதோ,
நிஃமத்தின் சப்பாத்தை நனைத்து, இளஞ்சூடாய்.

படிவத்தில் வெப்பநிலைக்கு ஒரு கட்டம் உண்டு.
வெப்பமானியைத் தேடினேன்.
கொட்டிலுக்குள் தர்மதிலக அதால்தான்
பிளேன் ரீ கலக்கிக்கொண்டிருந்தான்.